அட்டவணையில் விட்டுப்போன ஓர் எண்

ராமானுஜன் விட்ட பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாகப் பத்து நிமிடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிழை இருந்தது உண்மை. கண்டுபிடித்தது நான் இல்லை, அவ்வளவுதான். எனக்கு வெகு காலம் முன்பே பலர் பார்த்துக் குறித்துவைத்த விஷயம் அது என்று பதினோராவது நிமிடத்தில் தெரிந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தால், அதற்கு முன்னால் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

நான் கணக்கு வாத்தியார் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். வரவு, செலவு, இருப்பு. மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் இரண்டு வருடமாகப் பைத்தான் என்ற நிரல்மொழி பழகுகிறேன். பழகுவதற்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும் இல்லையா? எனக்குக் கிடைத்த சாக்கு, ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை. உயர் பகு எண்களைப் பற்றியது. 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறியவர், அடுத்த வருடமே அதை அச்சில் ஏற்றிவிட்டார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது அந்தக் கட்டுரைக்காகத்தான். இங்கே கல்லூரித் தேர்வில் தேற முடியாமல் போனவருக்கு அங்கே ஒரு கட்டுரை பட்டம் வாங்கிக் கொடுத்தது.

அது என்ன உயர் பகு எண்? ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை வகுத்திகள் என்கிறோம். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வகுத்திகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் வைத்திருப்பது உயர் பகு எண். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 என்று வரிசை போகும். பாபிலோன்காரர்கள் பிடித்துக்கொண்ட 60 இதில் இருக்கிறது, வட்டத்தின் 360 பாகையும் இருக்கிறது. பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில் தன் கற்பனை நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வைத்தார். நிலத்தையும் வரியையும் எப்படிப் பங்கு போட்டாலும் சரியாக வரும் என்பது அவர் கணக்கு. அந்த எண்ணையே நீக்கிவிட்டால் 59 வகுத்திகள் என்று எண்ணியும் சொல்லியிருக்கிறார். சரிதான், மொத்தம் 60. 1 முதல் 12 வரை உள்ள எண்களில் 11 மட்டும் வகுக்காது. அதற்கும் மனிதர் விடவில்லை, இரண்டு குடும்பத்தைக் கழித்தால் 11-ஆலும் வகுபடும் என்கிறார். 5038 என்பது 458 பதினொன்று. இந்த 5040-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பங்கு போடுவது என்றதும் எனக்குப் பாட்டிதான் ஞாபகம் வருகிறாள். நயா பைசாவை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. 1957-க்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. "மூணு பேருக்கு ஒரு ரூவாயப் பிரின்னா, ஆளுக்கு அஞ்சணா நாலு தம்பிடின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவோம். நீங்க முப்பத்திமூணு முப்பத்திமூணுன்னு குடுத்துட்டு மிச்சம் ஒரு பைசாவுக்கு அடிச்சுக்கிறீங்க" என்பாள். அடித்துக்கொண்டது நானும் என் அண்ணனும் தங்கையும். பாட்டியின் குறை நியாயமானது. 192-க்கு 14 வகுத்திகள், 100-க்கு ஒன்பதுதான். அதிலும் 3 கிடையாது.

ஆனால் பாட்டிக்கு முந்தைய நம் ஆட்களும் மூன்றைக் கண்டுகொள்ளவில்லை. எண்சுவடியில் வரும் கீழ்வாய் இலக்கங்களைப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், வீசம், இந்தப் பக்கம் மா, காணி, அரைக்காணி. இவற்றுக்கு அடியில் முந்திரி, 320-இல் ஒரு பங்கு. 320 என்பது 2⁶ × 5. ஆறு முறை பாதியாக்கலாம், ஒரு முறை ஐந்தாக்கலாம். மூன்றில் ஒன்று வேண்டும் என்றால் முந்திரி முந்திரியாகக் கூட்டிப் பார்த்தாலும் சரியாக வராது. பாதி போடுவதுதான் நெல் அளக்கிறவனுக்கும் நிலம் அளக்கிறவனுக்கும் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ இதில் கொஞ்சம் வருத்தம்தான். 320-க்கும் 14 வகுத்திகள்தான். அதற்குப் பக்கத்திலேயே 24 வகுத்திகளோடு 360 உட்கார்ந்திருக்கிறது.

இந்த எண்களை எண்களாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பகா எண்களாகப் பிரித்து வைத்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். 720 என்றால் 2⁴ × 3² × 5. வகுத்தி ஒன்றை உண்டாக்க 2-ஐ எத்தனை முறை எடுப்பது என்பதற்கு ஐந்து வழி (எடுக்காமல் விடுவதும் ஒரு வழி), 3-க்கு மூன்று வழி, 5-க்கு இரண்டு வழி. 5 × 3 × 2 = 30. 720-க்கு முப்பது வகுத்திகள். அடுக்கோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும், வேறு ரகசியம் இல்லை.

நான் இதைக் கொலுவாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பாட்டி வைத்த கொலு மாதிரியே, கீழ்ப்படியில் பொம்மை அதிகம், மேலே போகப்போகக் குறையும். 720-க்குக் கீழ்ப்படியில் 2, 3, 5. இரண்டாம் படியில் 2, 3. மூன்றாம் படியில் 2. நான்காம் படியிலும் 2. எல்லாப் பொம்மைகளையும் பெருக்கினால் 30 × 6 × 2 × 2, அதாவது 720. பொம்மைகளை இடது ஓரத்திலிருந்து இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டும், மேல்படி கீழ்ப்படியைவிட நீளக்கூடாது. 2 மரப்பாச்சி மாதிரி, அது இல்லாத படியே கிடையாது.

ஏன் இப்படி? 18-ஐப் பாருங்கள், 2 × 3². ஆறு வகுத்திகள். இதில் 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் 2² × 3, அதாவது 12. அதே ஆறு வகுத்திகள், ஆனால் எண் சின்னது. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுப்பது வீண்செலவு. ஆகவே உயர் பகு எண் எதுவானாலும் அது ஒழுங்கான கொலுதான். ஒழுங்கான கொலு எல்லாம் உயர் பகு எண் ஆகிவிடாது. 8-ம் 30-ம் கொலுதான், ஆனால் தேறாது. ஒரு வரம்புக்குள் இப்படி எத்தனை கொலு கட்டலாம் என்பதற்கு கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து 1917-இல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்கள்.

1915 கட்டுரையில் ராமானுஜன் நிறுவியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது சின்ன விஷயம்தான். உயர் பகு எண்ணின் கடைசிப் பகா எண்ணுக்கு அடுக்கு எப்போதும் 1. அதாவது கீழ்ப்படியின் வலது ஓரப் பொம்மைக்கு மேலே எதுவும் இருக்காது. இதற்கு விலக்கு இரண்டே இரண்டு: 4, 36. முறையே 2², 2² × 3². முடிவில்லாமல் நீளும் வரிசையில் ஒழுங்கு மீறியவை இந்த இரண்டும்தான், அதுவும் வாசலிலேயே நிற்கின்றன.

சரி, கொலுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் செய்தது, ஒவ்வொரு உயர் பகு எண்ணுக்கும் எத்தனை படி என்று வரிசையாக எழுதிப் பார்த்ததுதான். படிகளின் எண்ணிக்கை என்பது 2-இன் அடுக்கு. 2-இலிருந்து தொடங்கி 55440 வரை:

1, 2, 1, 2, 3, 2, 4, 2, 3, 2, 4, 3, 4, 3, 2, 4, 3, 4, 3, 5, 4, 6, 4, 3, 4, 5, 4

எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன, வகுத்திகளும் ஏறிக்கொண்டே போகின்றன, ஆனால் படி மட்டும் ஏறி இறங்கித் தத்தளிக்கிறது. 20160-இல் ஆறு படி. அடுத்த 25200-இல் நாலு. அதற்கடுத்த 27720-இல் மூன்று. என்ன நடந்தது என்றால், 25200 இரண்டு 2-ஐ இறக்கிவிட்டு ஒரு 5-ஐ இரண்டாம் படியில் ஏற்றிக்கொண்டது. 27720 அதையும் கலைத்து 11 என்று புதுப் பொம்மை வாங்கிவந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணும் முந்தைய கொலுவைக் கலைத்துவிட்டு வேறு மாதிரி அடுக்கிப் பார்க்கிறது.

இந்த மாதிரி வரிசைகளுக்கென்றே ஒரு பெரிய களஞ்சியம் இருக்கிறது. நீல் ஸ்லோன் 1964-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது சேர்க்க ஆரம்பித்தது. 1973-இல் 2372 வரிசைகளோடு புத்தகமாக வந்தது, 1996-இல் இணையத்துக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் உண்டு. உயர் பகு எண்களுக்கு ஏ002182, அவற்றின் வகுத்தி எண்ணிக்கைக்குப் பக்கத்து வீடு, ஏ002183. எனக்கு அந்த இடத்துக்குள் போனால் சாப்பாட்டு நேரம் மறந்துவிடும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

ராமானுஜனின் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. 102 உயர் பகு எண்கள், கடைசியில் நிற்பது 6746328388800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் கீழே. இதைக் கையால் போட்டிருக்கிறார். என் நிரல் 1-லிருந்து ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்துக்கொண்டு வந்தால் அந்த மடிக்கணினியின் ஆயுள் போதாது. ஆனால் கொலுதான் என்று தெரிந்தபிறகு வேலை சுலபம். வரம்புக்குள் கட்டக்கூடிய கொலுவை எல்லாம் கட்டு, வரிசைப்படுத்து, முந்தைய சாதனையை முறியடிப்பதை மட்டும் வைத்துக்கொள். பதினைந்து வரிக்குள் அடங்கிவிட்டது. ஓட விட்டதும் சட்டென்று பட்டியலைத் துப்பியது. அட்டவணையின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆபீசில் பேரேட்டைச் சரிபார்ப்பது மாதிரி பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். 240940299600, டிக். அடுத்து என் பட்டியலில் 293318625600. அட்டவணையில் 321253732800.

முதலில் என் நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். ராமானுஜன் ஒரு பக்கம், என் பதினைந்து வரி ஒரு பக்கம் என்றால் யாரைச் சந்தேகப்படுவது? கையால் போட்டுப் பார்த்தேன்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

வகுத்திகள்: 7 × 5 × 3 × 3, அது 315. மீதி நாலு பகா எண்களுக்கு 16. 315 × 16 = 5040.

பிளேட்டோவின் 5040! முந்தைய எண்ணுக்கு 4800 வகுத்திகள், அடுத்ததற்கு 5376. நடுவில் 5040 வகுத்திகளோடு இந்த எண் நன்றாகவே தேறுகிறது. அட்டவணையில் மட்டும் இல்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் தேடிப் பார்க்கும் புத்தி வந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம். ராமானுஜன் விட்ட ஒரே எண் என்று எண்ணோடு சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மனைவியிடம் சொன்னேன். "நூத்திரண்டு சரியாப் போட்டிருக்காரு, அதை விட்டுட்டு விட்டுப்போன ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள். ஆடிட்டர்களின் புத்தியே அதுதான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஆனால் விட்டுப்போனது ஏன் இந்த எண்ணாக இருக்கவேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. இதற்குப் படிகளை எண்ணிப் பயனில்லை, கொலுவின் அகலத்தைப் பார்க்கவேண்டும். கீழ்ப்படியின் கடைசிப் பொம்மை எது? 48886437600-இலிருந்து அதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

19, 23, 19, 23, 19, 23, 19, 23, 23, 19, 23, 23, 23, 23...

பாருங்கள். 19-இல் நின்றுகொண்டிருந்த கூட்டம் 23-க்கு மாறும் இடம் இது. ஒரே நாளில் யாரும் வீடு மாறுவதில்லையே. ஒருவர் போகிறார், ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் போகிறார். 160626866400-ம் 240940299600-ம் அடுத்தடுத்து 23-க்குப் போனபிறகு, கடைசியாக ஒரே ஒரு எண் மட்டும் பழைய வீட்டில் இருக்கிறது. அதுதான் 293318625600. அதற்குப் பிறகு அட்டவணை முடியும்வரை 19-ஓடு நின்றுவிட்ட எண் ஒன்றுகூட இல்லை, எல்லாம் 23. 23-ஐ வாங்குவதற்குப் பதிலாக அது இரண்டாம் படியில் ஒரு 7-ஐக் கூடுதலாக வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால் கணக்கெடுக்க வந்தவர் பார்க்காமல் போவது சகஜம். ராமானுஜன் இப்படித்தான் விட்டார் என்று நான் சாட்சி சொல்ல முடியாது, என் ஊகம் இது. ஆனால் கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், பிழை இப்படிப்பட்ட இடத்தில்தான் நேரும்.

அட்டவணையில் சில எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி போட்டிருப்பார். அவை இன்னும் உயர்ந்த சாதி. சாதி என்று சொல்லக்கூடாது, உயர்ந்த ரகம் என்று வைத்துக்கொள்வோம். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று போகும். இவை மட்டும் கொலுவைக் கலைப்பதில்லை. இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொம்மையை வாங்கிச் சேர்க்கின்றன. என்னென்ன பொம்மை, எந்த வரிசையில் என்று எழுதினால்:

2, 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13, 2, 3, 5, 17, 19, 2, 23, 7, 29, 3, 31, 2...

இதைக் காட்டிலும் அழகான வரிசையை நான் பார்த்ததில்லை. இதைத் தொடக்கத்திலிருந்து பெருக்கிக்கொண்டே வாருங்கள், நட்சத்திர எண்கள் ஒவ்வொன்றாக வரும். அடுத்து எந்தப் பொம்மை என்று யார் முடிவு செய்கிறார்கள்? காசுக்கு எவ்வளவு பலன் என்ற சந்தைக் கணக்குதான் முடிவு செய்கிறது. பொம்மையின் விலை அந்தப் பகா எண்ணின் மடக்கை (லாகரிதம்). பலன், வகுத்திகள் எத்தனை மடங்கு கூடின என்பதன் மடக்கை. முதல் 2 வகுத்திகளை இரட்டிப்பாக்கும். முதல் 3-ம் இரட்டிப்பாக்கும், ஆனால் விலை கூட. இரண்டாவது 2 ஒன்றரை மடங்குதான் ஆக்கும், ஆனால் மலிவு. பலனை விலையால் வகுத்துப் பாருங்கள். முதல் 2-க்கு 1, முதல் 3-க்கு 0.631, இரண்டாவது 2-க்கு 0.585, 5-க்கு 0.431, மூன்றாவது 2-க்கு 0.415, இரண்டாவது 3-க்கு 0.369, 7-க்கு 0.356, நாலாவது 2-க்கு 0.322, 11-க்கு 0.289. இறங்குவரிசையில் வாங்கிக்கொண்டே போகவேண்டியதுதான். காய்கறிக் கடையில் பாட்டி செய்ததும் இதைத்தான்.

சில இடங்களில் மயிரிழைதான் வித்தியாசம். 13 வாங்கியபிறகு ஐந்தாவது 2-க்கு 0.2630, மூன்றாவது 3-க்கு 0.2619. இரண்டு பொம்மைகள் அச்சாக ஒரே தரத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? இரண்டையும் சேர்த்தே வாங்கவேண்டிவரும், ஒன்றொன்றாகச் சேரும் இந்த வரிசை அந்த இடத்தில் உடைந்துபோகும். மூன்று பகா எண்கள் அப்படிச் சமமாக நிற்க முடியாது. 1960-களில் செர்ஜ் லாங்கும் நம் நாட்டு கே. ராமச்சந்திராவும் தனித்தனியே நிறுவிய ஒரு தேற்றத்திலிருந்து அது வந்துவிடும். இரண்டு நிற்க முடியுமா? முடியாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இன்றுவரை யாரும் நிறுவவில்லை. பாட்டியின் காய்கறிக் கணக்கில் தொடங்கி நாலு அடி வைத்தால் யாருக்கும் விடை தெரியாத கேள்வி வாசலில் நிற்கிறது.

அந்த 1915 கட்டுரையும் முழுதாக வரவில்லை. அப்போது லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைக்க எழுதியதில் ஒரு பகுதியை ராமானுஜன் தானே நிறுத்திவைத்தார் என்று ஹார்டி குறித்திருக்கிறார். நிறுத்திவைத்தது எண்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1997-இல், ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியில் அச்சானது. பதிப்பித்து விளக்கம் எழுதியவர்கள் ழான்-லூயி நிக்கோலா, கி ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்.

இதில் ரோபினுக்கு ஒரு முன்கதை உண்டு. 1984-இல் அவர் ஒரு தேற்றம் நிறுவினார். வகுத்திகளை எண்ணுவதற்குப் பதிலாகக் கூட்டிப் பாருங்கள். 5040-இன் வகுத்திகளை எல்லாம் கூட்டினால் 19344. ஓர் எண்ணின் வகுத்திகளின் கூட்டுத்தொகை இவ்வளவுக்குள் இருக்கவேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது, எண்ணை அதன் இயல் மடக்கையின் இயல் மடக்கையாலும் 1.781 சொச்சத்தாலும் பெருக்கினால் வருவது. 5040-க்கு அந்த வரம்பு சுமார் 19237. ஆக 5040 வரம்பை மீறுகிறது. ரோபின் சொன்னது: 5040-க்கு மேலே உள்ள எந்த எண்ணும் இந்த வரம்பை மீறவில்லை என்றால் ரீமான் கருதுகோள் (பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ஊகம்) உண்மை, கருதுகோள் உண்மை என்றால் எதுவும் மீறாது. கணிதத்திலேயே பெரிய கேள்வி என்று சொல்லப்படும் ஒன்று, பிளேட்டோ நகரம் கட்டிய எண்ணுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்ற கேள்வியாக மாறிவிட்டது. ராமானுஜன் நிறுத்திவைத்த பக்கங்களைத் திறந்தால், ரீமான் கருதுகோளை உண்மை என்று எடுத்துக்கொண்டு, இதே கூட்டுத்தொகைக்கு இதே வகை வரம்பை அவர் 1915-லேயே பெரிய எண்களுக்குப் போட்டுவைத்திருக்கிறார். செலவை மிச்சம் பிடிக்கப்போய் எதை எடுத்துவைத்தார்கள் பாருங்கள்.

5040 மூன்று இடத்தில் வந்ததற்கு மர்மம் எதுவும் கிடையாது. அது ஒரு நட்சத்திர எண், சின்ன எண்களில் வகுத்திகளின் அரசன். வகுத்திகளைப் பற்றி எங்கே பேசினாலும் குறுக்கே வரத்தான் செய்யும். சோதிடம் பார்க்க யாரும் கிளம்பவேண்டாம்.

திரும்ப அட்டவணைக்கு வருகிறேன். டிக் போட்டுக்கொண்டே கடைசி வரிக்கு வந்து, 6746328388800-ஐப் பகா எண்களாகப் பிரித்தேன். 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. எங்கேயோ பார்த்த முகம். கீழ்ப்படியில் 23-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள், மீதி நிற்பது விட்டுப்போன 293318625600, ஒரு பொம்மைகூட மாறாமல். அந்த எண்ணைத் தவறவிட்ட அதே அட்டவணை, அதோடு 23-ஐப் பெருக்கிக் கடைசி வரியாக வைத்துத்தான் முடிகிறது.

நகலில் 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் பென்சிலால் அந்த எண்ணை எழுதினேன். பக்கத்து வெள்ளைத் தாளில் அதன் கொலுவையும் வரைந்தேன். கீழ்ப்படியில் எட்டுப் பொம்மை, அடுத்து நாலு, அடுத்து இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. ஆறு படி. பாட்டி இருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள், கொலுப்படி ஒற்றைப்படையாகத்தான் இருக்கவேண்டும். அவளுக்காக ஏழாவது படி கட்டி ஒரு மரப்பாச்சியை வைத்துப் பார்த்தேன். 586637251200, வகுத்திகள் 5760. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே 5760-ஐ அதைவிடச் சின்னதான 481880599200 ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஏழாவது படியை அழித்துவிட்டேன்.